இரண்டு கதிர்கள், ஒரே சுவர்

காமா கதிருக்கும் நியூட்ரானுக்கும் மின்னூட்டம் கிடையாது. ஆல்ஃபா, பீட்டா போன்ற மின்னூட்டமுள்ள துகள்கள் ஒரு பொருளுக்குள் நுழைந்த கணத்திலிருந்தே அங்குள்ள எலக்ட்ரான்களைத் தள்ளித் தள்ளி ஆற்றலை இழக்கின்றன. சிறிது தூரத்தில் நின்றும் விடுகின்றன. ஆல்ஃபாவுக்கு ஒரு தாள் போதும். பீட்டாவுக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியம் போதும். காமாவும் நியூட்ரானும் அப்படியல்ல. எதிலும் மோதாமல் நெடுந்தூரம் போகும். எந்த இடத்தில் மோதும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது. ஆகவே இவற்றை முழுக்க நிறுத்திவிடும் தடிமன் என்று ஒன்று இல்லை. எவ்வளவு தடித்த சுவரானாலும் ஒரு சிறு பங்கு மறுபக்கம் போகத்தான் செய்யும். அந்தப் பங்கை மனிதருக்குத் தீங்கில்லாத அளவுக்குக் குறைப்பதுதான் கதிர்க்கவசத்தின் வேலை.

இந்த ஒரு குணத்தோடு இரண்டின் ஒற்றுமையும் முடிந்துவிடுகிறது. காமாவைத் தடுக்க எலக்ட்ரான்கள் நெருக்கமாக நிறைந்த கனமான பொருள் வேண்டும். நியூட்ரானைத் தடுக்க மிக லேசான அணுக்கள், அதிலும் ஹைட்ரஜன், நிறைந்த பொருள் வேண்டும். காமாவுக்குப் பெருந்தடையான ஈயத்தை வேக நியூட்ரான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நியூட்ரானை நன்றாகத் தடுக்கும் பாலிஎத்திலீனைக் காமா சுலபமாகக் கடந்துவிடுகிறது. அணு உலை, பயன்படுத்திய எரிபொருளைக் கொண்டுசெல்லும் பெட்டகம், கலிபோர்னியம் போன்ற நியூட்ரான் மூலங்கள் என எங்கெல்லாம் நியூட்ரான் இருக்கிறதோ அங்கெல்லாம் காமாவும் கூடவே இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுவரை எப்படிக் கட்டுவது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி.

காமா கதிர் பொருளோடு மூன்று விதமாக வினைபுரிகிறது. ஆற்றல் குறைவாக இருந்தால் அணுவின் உட்புற எலக்ட்ரான் ஒன்றிடம் தன் ஆற்றல் முழுவதையும் கொடுத்துவிட்டு மறைந்துபோகும். இது ஒளிமின் விளைவு. அணு எண் கூடக்கூட இதன் வாய்ப்பு மிக வேகமாகக் கூடுகிறது. 82 என்ற அணு எண் கொண்ட ஈயம் மருத்துவமனை எக்ஸ் கதிர்களை அவ்வளவு நன்றாக விழுங்குவது இதனால்தான். ஆற்றல் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கும்போது காம்ப்டன் சிதறல் மேலோங்குகிறது. காமா ஓர் எலக்ட்ரானில் மோதி, ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து, திசைமாறித் தொடர்ந்து போகிறது. 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் மூன்றாவது வழியும் திறக்கிறது: அணுக்கருவுக்கு அருகே காமா மறைந்து, ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் பிறக்கின்றன.

ஈயத்தைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். காம்ப்டன் சிதறல் ஆளும் ஆற்றல்களில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. அவை எந்த அணுவைச் சேர்ந்தவை என்பது அநேகமாகப் பொருட்டில்லை. கோபால்ட்-60 வெளியிடும் காமாவின் சராசரி ஆற்றல் 1.25 மெகா எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலில் ஒரு கிலோ ஈயமும் ஒரு கிலோ கான்கிரீட்டும் ஒரு கிலோ தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தடுக்கின்றன. தண்ணீர் ஒரு துளி கூடுதலாகவே தடுக்கிறது. ஈயம் மிச்சப்படுத்துவது இடத்தை, எடையை அல்ல. கோபால்ட்-60 காமாவைப் பாதியாகக் குறைக்க ஈயத்தில் சுமார் 1.2 சென்டிமீட்டர் வேண்டும். எஃகில் சுமார் 2, கான்கிரீட்டில் சுமார் 6 சென்டிமீட்டர். இடத்துக்குக் குறைவில்லாத இடத்தில் ஈயச் சுவர் கட்டுவது வீண்செலவு.

எக்ஸ் கதிர் அறையில் ஊழியர்கள் அணியும் அரை மில்லிமீட்டர் ஈய மேலாடையும் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரில் 100-க்கு 4 பங்கு மட்டுமே அதைக் கடக்கும். கோபால்ட்-60 காமாவிலோ 100-க்கு 97 பங்கு கடந்துவிடும். ஒரே மேலாடை ஓரிடத்தில் உயிர்காப்பாகவும் இன்னோரிடத்தில் வெறும் சுமையாகவும் இருக்கிறது. கவசத்தின் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கதிரின் ஆற்றலைத் தெரிந்துகொள்வது முதல் விதி.

ஈயத்துக்கு வேறு குறைகளும் உண்டு. அது நஞ்சு. மென்மையானது, பெரிய கட்டியாக நிறுத்தினால் காலப்போக்கில் தன் எடையிலேயே வளைந்து தொய்ந்துபோகும். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் தீவிபத்தைத் தாங்க வேண்டிய பெட்டகங்களில் அதற்கு எஃகு உறை தேவை. இக்காரணங்களால் பிஸ்மத், டங்ஸ்டன், பேரியம் ஆகியவற்றை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்து ஈயமில்லாக் கவசங்கள் செய்யும் முயற்சி வலுப்பெற்றிருக்கிறது. போபாலில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான ஆம்ப்ரி, அலுமினிய ஆலைகளின் கழிவான செம்மண் சேற்றோடு பேரியச் சேர்மத்தைக் கலந்து எக்ஸ் கதிர் அறைகளுக்கான ஓடுகளைச் செய்து காட்டியிருக்கிறது. குவிந்து கிடக்கும் ஒரு கழிவு, ஈயத்தின் இடத்தைப் பிடிப்பது இரட்டை நன்மை. மிகச் சிறிய இடத்தில் மிகுந்த தடுப்பு வேண்டுமானால் டங்ஸ்டன் கலப்புலோகமும் செறிவு நீக்கிய யுரேனியமும் கைகொடுக்கின்றன. ஒரு கன சென்டிமீட்டர் 19 கிராம் எடையுள்ள இந்த யுரேனியம், குழாய்ப் பற்றவைப்புகளைச் சோதிக்கும் இரிடியம்-192 கருவிகளின் உள்ளே கவசமாக இருக்கிறது.

நியூட்ரானின் கதை வேறு. அதை 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில், 1934 அக்டோபரில், ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு விநோதமான ஒன்றைக் கவனித்தது. நியூட்ரான்களால் தாக்கப்பட்ட வெள்ளி, சலவைக்கல் மேசைமீது இருந்தபோது பெற்றதைவிட மரமேசைமீது இருந்தபோது அதிகக் கதிரியக்கம் பெற்றது. மூலத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே பாரஃபின் மெழுகை வைத்ததும் அந்த விளைவு பல மடங்கு பெருகியது. மரத்திலும் மெழுகிலும் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த நியூட்ரானை அணுக்கருக்கள் எளிதில் விழுங்கிக்கொள்கின்றன. ஃபெர்மி அன்றே தந்த விளக்கம் இது. நியூட்ரான் கவசங்கள் அனைத்தும் இந்த இரண்டு படிகளின்மீதுதான் நிற்கின்றன: முதலில் வேகத்தைக் குறை, பிறகு விழுங்கு.

வேகம் குறைப்பதில் ஹைட்ரஜனுக்கு நிகர் இல்லை. ஒரு கோலிக்குண்டு சுவரில் பட்டால் ஏறக்குறைய வந்த வேகத்திலேயே திரும்புகிறது. தன் அளவுள்ள இன்னொரு கோலியில் பட்டாலோ வேகத்தை அதனிடம் கொடுத்துவிடுகிறது. ஹைட்ரஜனின் அணுக்கரு நியூட்ரானின் எடைக்குச் சமம் என்பதால் ஒரு மோதலிலேயே சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் பிறக்கும் நியூட்ரான் நொடிக்கு 20,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது அறை வெப்பநிலை வேகமான நொடிக்கு 2.2 கிலோமீட்டருக்கு இறங்க ஹைட்ரஜனில் சுமார் 18 மோதல்கள் போதும். கார்பனில் 110-க்கும் மேல் வேண்டும். யுரேனியத்தில் 2,000-ஐத் தாண்டும். ஈயத்தின் நிலையும் யுரேனியத்தை ஒத்ததே.

விழுங்கும் படிக்கு வேறு தனிமங்கள் வேண்டும். இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் போரான்-10-க்கு மெதுவான நியூட்ரானைப் பிடிக்கும் திறன் 3,840 பார்ன். அணுக்கருவின் பிடிக்கும் பரப்பை அளக்கும் அலகு இது. ஹைட்ரஜனுக்கு இதே அளவு 0.33 மட்டுமே. காட்மியத்தின் திறன் சுமார் 2,450. கடோலினியம்-157 இரண்டரை லட்சத்தையும் தாண்டுகிறது. இந்த எண்களைப் பார்த்தால் கடோலினியம்தான் சிறந்த கவசம் என்று தோன்றும். நடைமுறையில் போரான் வெல்கிறது. காரணம், நியூட்ரானை விழுங்கிய பிறகு அணுக்கரு என்ன செய்கிறது என்பது.

நியூட்ரானை விழுங்கிய அணுக்கரு மிகை ஆற்றலோடு தவிக்கிறது. அதைப் பெரும்பாலும் காமாவாக வெளியேற்றுகிறது. ஹைட்ரஜன் வெளியிடும் காமா 2.22 மெகா எலக்ட்ரான் வோல்ட். இரும்பிலிருந்து 7.6 வரை ஆற்றல் கொண்ட கடுமையான காமா வரும். காட்மியம் ஒரு நியூட்ரானை விழுங்கினால் மொத்தம் 9 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாவாகவே வெளிவருகிறது. நியூட்ரானைத் தடுக்க வைத்த பொருளே புதிய காமா மூலமாகிவிடுகிறது! போரான்-10 வேறு வழியில் போகிறது. அது ஓர் ஆல்ஃபா துகளாகவும் லித்தியம்-7 ஆகவும் பிளந்து, 0.478 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான மெல்லிய காமாவை மட்டும் தருகிறது. லித்தியம்-6 இதைவிடவும் அடக்கமானது. காமாவே இல்லாமல் ஆல்ஃபாவாகவும் ட்ரிட்டியமாகவும் பிரிகிறது. ஆனால் அதன் விழுங்கும் திறன் போரான்-10-இன் நான்கில் ஒரு பங்கு, விலையும் அதிகம்.

இந்த இரண்டாம்நிலைக் காமாவால்தான் அடுக்குகளின் வரிசை முக்கியமாகிறது. கனமான பொருள் முழுவதையும் உள்ளேயும் லேசான பொருள் முழுவதையும் வெளியேயும் வைத்தால், வெளிப்புறத்தில் பிறக்கும் காமாவை நிறுத்த ஆளிருக்காது. மாற்றி வைத்தால் வேக நியூட்ரானின் ஒரு பகுதி தப்பிக்கும். மிக வேகமான நியூட்ரானை முதலில் தளர்த்துவதில் இரும்பு நல்ல வேலை செய்கிறது: மோதலில் இரும்பின் அணுக்கரு கிளர்ச்சியுற்று, குறைந்தது 0.85 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைப் பறித்துக்கொள்ளும். அந்த அளவுக்குக் கீழே இறங்கிய நியூட்ரானிடம் இரும்பு இந்த வழியில் எதையும் பறிக்க முடியாது. அதிலும் 24 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே இரும்பில் ஒரு திறந்த ஜன்னலே இருக்கிறது. அந்த ஆற்றலுள்ள நியூட்ரான்கள் தடித்த இரும்பையும் ஊடுருவிவிடும். ஆகவே இரும்புக்கும் ஹைட்ரஜனுக்கும் மாறி மாறி இடம் தர வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1944-இல் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இயங்கத் தொடங்கிய பி உலையைச் சுற்றி எஃகுத் தகடுகளையும், அழுத்திச் செய்த மரநார்ப் பலகையான மேசனைட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஏறத்தாழ 4 அடித் தடிமனில் கவசம் கட்டினார்கள். உலகின் முதல் பெரிய புளூட்டோனிய உலை ஊழியர்களை நியூட்ரானிலிருந்து காத்ததில் மரப்பலகைக்கும் பங்குண்டு. போருக்குப் பின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் கவச ஆய்வின் மையமானது. அங்கே தியோடர் ராக்வெல் முதலியோர் போரான் கார்பைடுத் தூளை அலுமினியத்தோடு கலந்து இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உருட்டி எடுத்த போரால் என்ற தகடு இன்றும் எரிபொருள் குளங்களிலும் பெட்டகங்களிலும் பயன்படுகிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் உலையை அடக்க வேண்டிய தேவை அன்றைய ஆய்வுக்குப் பெரும் உந்துதல். விமானத்துக்குள் உலையை ஏற்றும் முயற்சியும் நடந்தது. என்பி-36எச் என்ற விமானம் 1955 முதல் 1957 வரை ஓர் உலையைச் சுமந்து பறந்தது. விமானிகள் ஈயமும் ரப்பரும் பதித்த, பல டன் எடையுள்ள அறைக்குள் அமர்ந்திருந்தனர். உலையின் வெப்பத்தில் பறக்கும் விமானம் கடைசிவரை பிறக்கவேயில்லை. கவசத்தின் எடை அதற்கு முக்கியமான தடைகளில் ஒன்று.

நிலத்தில் கட்டும் கவசங்களுக்கு இன்றும் கான்கிரீட்தான் அரசன். இந்தியாவின் முதல் உலையான அப்சரா 1956-இல் தண்ணீர்க் குளத்துக்குள் மூழ்கியபடி இயங்கத் தொடங்கியபோதும் குளத்தைச் சுற்றி கான்கிரீட் சுவர்தான் இருந்தது. கான்கிரீட்டில் காமாவுக்குத் தேவையான கால்சியம், சிலிக்கான் அணுக்களும் இருக்கின்றன. நியூட்ரானுக்குத் தேவையான ஹைட்ரஜன் சிமென்ட்டோடு பிணைந்த நீராகவும் இருக்கிறது. விலை மலிவு, எந்த வடிவிலும் வார்க்கலாம், பாரத்தையும் தாங்கும். ஒரே பொருளில் இவ்வளவும் அமைவது அபூர்வம்.

சாதாரணக் கான்கிரீட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.3 அல்லது 2.4 டன். ஜல்லியை மாற்றினால் இது கூடும். பாரைட் என்ற பேரியம் சல்பேட்டுப் பாறையை உடைத்துப் போட்டால் 3.3 முதல் 3.6 வரை, ஹெமடைட், மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புத் தாதுக்களில் 3.5-ஐத் தாண்டும், எஃகுக் குண்டுகளையும் வெட்டுத் துண்டுகளையும் கலந்தால் 5-க்கும் மேல் போகும். ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் உலகின் மிகப் பெரிய பாரைட் படிவுகளில் ஒன்று இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட் கொட்டிக் கிடக்கிறது. கனரகக் கான்கிரீட்டுக்கான மூலப்பொருளுக்கு இந்தியா வெளியே போக வேண்டியதில்லை.

கலவை மேசையில் சிக்கல்கள் தொடங்குகின்றன. கனமான ஜல்லி கலவையின் அடியில் தங்கிவிடும். வைப்ரேட்டரைச் சற்று அதிக நேரம் ஓட்டினால் சுவரின் மேற்பகுதி வெறும் சிமென்ட் பசையாகவும் அடிப்பகுதி ஜல்லிக் குவியலாகவும் பிரிந்துவிடும். வடிவமைப்பாளர் 3.5 என்று கணக்கிட்ட சுவரில் ஓரிடம் 2.8-ஆக இருந்தால் அங்கே காமா கசியும். சுவருக்குள் சிக்கிய காற்றுக்குழி, குழாய் போகும் துளை, கதவிடுக்கு எல்லாமே கதிருக்கு வாசல்கள். அதனால்தான் கவசச் சுவரின் துளைகளை நேராக விடாமல் படிக்கட்டுபோல் மடித்து அமைக்கிறார்கள். போரான் சேர்ப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. கோல்மனைட் போன்ற போரான் தாதுக்கள் சிறிதளவு நீரில் கரைந்து சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்துகின்றன. அளவு கூடினால் கான்கிரீட் இறுகாமலே போகலாம். தூய கணக்குப்படி அற்புதமாகத் தெரியும் கலவை, கொத்தனார் கைக்கு வரும்போது தோற்பது இப்படித்தான்.

வெப்பம் இன்னொரு சோதனை. சூடு ஏறினால் கான்கிரீட்டின் நீர் ஆவியாகிறது. அதோடு நியூட்ரானைத் தடுக்கும் ஹைட்ரஜனும் போகிறது. சாதாரணக் கவசக் கான்கிரீட்டைச் சுமார் 65 டிகிரிக்குள் வைத்திருக்கச் சொல்வது வழக்கம். அதைவிடச் சூடான இடங்களுக்கு செர்பென்டைன் என்ற பச்சைநிறப் பாறை உதவுகிறது. அதன் எடையில் சுமார் 13 சதவீதம் நீர். அது படிக அமைப்புக்குள் கட்டுண்டு கிடப்பதால் 400 டிகிரிக்கு மேல்தான் பெருமளவில் வெளியேறும். ரஷ்ய வடிவமைப்பான விவிஇஆர்-1000 உலைகளில் அழுத்தக் கலத்தைச் சுற்றி செர்பென்டைன் கான்கிரீட் வளையம் அமைப்பது இதனால்தான். கூடங்குளத்து உலைகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் ஹாட் செல் அறைகளுக்கு ஒரு மீட்டர் அளவில் தடித்த சுவர் மட்டும் போதாது. உள்ளே நடப்பதைப் பார்க்க ஜன்னலும் வேண்டும். ஈய ஆக்சைடு மிகுதியாகக் கலந்த கண்ணாடிப் பாளங்களை அடுக்கி அதைச் செய்கிறார்கள். காமா பட்டுப்பட்டுக் கண்ணாடி பழுப்பேறுவது இதன் பழைய நோய்; சீரியம் ஆக்சைடை ஒரு சிட்டிகை சேர்த்தால் பழுப்பேறுவது வெகுவாகக் குறைகிறது. இத்தகைய கண்ணாடியை இந்தியாவிலேயே செய்யும் நுட்பத்தைக் கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வகம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறது.

நியூட்ரானுக்கு மட்டுமான கவசங்களில் பாலிஎத்திலீன் முதலிடம். ஒரு கன சென்டிமீட்டரில் அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தண்ணீரில் உள்ளதைவிடவும் அதிகம். 5 சதவீதம் போரான் கலந்த பாலிஎத்திலீன் பலகைகள் மருத்துவமனைகளின் உயர் ஆற்றல் லீனாக் (நேர்கோட்டுத் துகள் முடுக்கி) அறைக் கதவுகள் முதல் ஆய்வக மூலங்கள் வரை எங்கும் கிடைக்கின்றன. ஆனால் 100 டிகிரியை நெருங்கும் முன்பே இது மென்மையாகிவிடும், எரியும். நீண்ட காலக் கதிர்வீச்சில் பாலிமர் சங்கிலிகள் அறுந்து உடையக்கூடியதாக மாறும்.

பாலிமர்க் கவசத்தை நம்பியதற்கு அமெரிக்க உலைகள் கொடுத்த விலை ஒரு பாடம். பயன்படுத்திய எரிபொருளை நெருக்கமாக அடுக்கி வைக்கும் குளங்களில், போரான் கார்பைடு கலந்த சிலிகோன் ரப்பரான போராஃப்ளெக்ஸ் தகடுகளை 1980-களில் பரவலாகப் பொருத்தினார்கள். வலுவான காமாவில் ரப்பர் சுருங்கியது. தகடுகளில் இடைவெளிகள் விழுந்தன. பிறகு ரப்பரில் இருந்த சிலிகா நீரில் கரையத் தொடங்கியது. அது பிடித்து வைத்திருந்த போரான் கார்பைடும் இடம்விட்டு நழுவியது. 1996-இல் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா உலைகளுக்கும் இதுகுறித்துக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று. கதிரைத் தடுக்கும் திறனில் போராஃப்ளெக்ஸ் குறைவைக்கவில்லை. கதிரையும் நீரையும் சேர்ந்தாற்போல் பல ஆண்டுகள் தாங்கும் திறன்தான் அதனிடம் இல்லை.

கல்பாக்கத்தில் இந்தச் சிக்கல் இன்னொரு முகம் காட்டுகிறது. அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை, உருகிய சோடியத்தைக் குளிர்விப்பானாகக் கொண்டது. உலைக்கருவும் வெப்பத்தை மாற்றித் தரும் இடைநிலைக் கலங்களும் ஒரே சோடியத் தொட்டிக்குள் இருக்கின்றன. அந்தக் கலங்களின் வழியே ஓடும் இரண்டாம்நிலைச் சோடியம் பிறகு உலைக் கட்டடத்தை விட்டு வெளியே நீராவிக் கலங்களுக்குப் போகிறது. நியூட்ரான்கள் அதை எட்டினால் சோடியம் கதிரியக்கச் சோடியம்-24 ஆக மாறும். 15 மணி நேர அரை ஆயுள் கொண்ட அது 2.75 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள காமாவை உமிழும். ஆகவே கவசத்தைத் தொட்டிக்கு வெளியே சுவராகக் கட்டினால் மட்டும் போதாது. தொட்டிக்குள்ளேயே, உலைக்கருவைச் சுற்றியே வைத்தாக வேண்டும். அங்கே தண்ணீருக்கோ பிளாஸ்டிக்குக்கோ இடமே இல்லை. சுற்றிலும் 400 டிகிரிக்கு அருகே கொதிக்காத சோடியம். ஹைட்ரஜன் என்ற முதல் ஆயுதத்தைக் கைவிட்டுவிட்டுப் போராட வேண்டிய களம் அது.

துருப்பிடிக்காத எஃகும் போரான் கார்பைடும் நிரப்பிய கவசக் கோல்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. எஃகு வேகத்தைக் குறைக்கிறது, போரான் விழுங்குகிறது. போரான் கார்பைடு விலை மிகுந்தது, செய்வதும் கடினம். எதிர்கால ஈனுலைகளின் செலவைக் குறைக்க, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள் ஃபெர்ரோபோரானை முன்வைத்தனர். எஃகு ஆலைகள் போரான் சேர்க்கப் பயன்படுத்தும் இரும்பு-போரான் கலப்பு இது. சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. கவசத்துக்குத் தேவையான இரண்டு தனிமங்களும் அதில் ஏற்கெனவே கூடியிருக்கின்றன. யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டு 1996 முதல் இயங்கும் காமினி என்ற 30 கிலோவாட் உலையின் நியூட்ரான் கற்றையில் வைத்து ஃபெர்ரோபோரானின் தடுப்புத் திறனை அளந்தார்கள். உயர் வெப்பத்தில் போரான் மெல்ல எஃகு உறைக்குள் ஊடுருவி அதைப் பலவீனப்படுத்துமா என்பதும் தனியாகச் சோதிக்கப்பட்டது. அணுத் தொழிலுக்கென்றே பிறந்த அரிய பொருளைத் தேடாமல், ஆலைச் சந்தையில் கிடக்கும் பொருளை இயற்பியல் கண்ணோடு பார்த்த இந்த அணுகுமுறை பாராட்டத்தக்கது.

அணுக்கரு இணைவு உலைகள் இன்னும் கடுமையான வேலை கேட்கின்றன. டியூட்டிரியமும் ட்ரிட்டியமும் இணையும்போது பிறக்கும் நியூட்ரானின் ஆற்றல் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதற்குச் சில மீட்டர் தொலைவிலேயே உறைகுளிர் நிலையில் மீக்கடத்திக் காந்தங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் சிறிது வெப்பம் போனாலும் மீக்கடத்தல் குலையும். பிரான்சில் எழும்பும் ஈட்டர் உலையின் வெற்றிடக் கலம் இரட்டைச் சுவர் கொண்டது. சுவர்களுக்கு நடுவே போரான் கலந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை நிரப்பி, இடையே தண்ணீர் ஓடவிடுகிறார்கள். அந்தக் கவசக் கட்டிகளை இந்தியா தயாரித்துத் தந்திருக்கிறது. இதைவிடச் சிறிய உலைகளைக் கனவு காண்பவர்களுக்குச் சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முக்கியம். அவர்களுக்காக டங்ஸ்டன் போரைடுகள் ஆய்வில் இருக்கின்றன: காமாவுக்கும் மிக வேக நியூட்ரானுக்கும் டங்ஸ்டன், மெதுவான நியூட்ரானுக்குப் போரான், எல்லாம் ஒரே படிகத்தில்.

விண்வெளியில் கணக்கு தலைகீழ். அங்கே இடமல்ல, எடைதான் விலை. 1965-இல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய ஸ்னாப்-10ஏ உலையில் தண்ணீரைவிட லேசான லித்தியம் ஹைட்ரைடு கவசமாக இருந்தது. உலையைச் சுற்றிலும் அல்ல, கருவிகள் இருக்கும் ஒரே திசையில் மட்டும் கவசம் வைத்து, அதன் நிழலுக்குள் எல்லாவற்றையும் அடக்கினார்கள்.

புதிய பொருள் ஒன்று கவசமாக ஏற்கப்படுவதற்கு முன் நீண்ட பாதையைக் கடக்க வேண்டும். முதலில் கணிப்பு. 1946, 1947-இல் ஸ்டானிஸ்லா உலாமும் ஜான் ஃபான் நாய்மனும் நியூட்ரான்களின் பயணத்தைக் கணிக்கவே மான்டி கார்லோ முறையை உருவாக்கினார்கள்; ஒவ்வொரு துகளின் மோதல்களையும் சீட்டுக் குலுக்குவது போல் தேர்ந்து, லட்சக்கணக்கான துகள்களைக் கணினியில் பின்தொடரும் முறை அது. அடுத்தது அளவீடு. சீசியம்-137 அல்லது கோபால்ட்-60 காமாவைக் குறுகிய கற்றையாக்கி மாதிரியின் ஊடே செலுத்தி, சோடியம் அயோடைடு உணர்கருவியால் மீந்ததை எண்ணுகிறார்கள். நியூட்ரானுக்கு அமெரிசியம்-பெரிலியம் மூலமும் ஹீலியம்-3 எண்ணிகளும் உதவுகின்றன. குறுகிய கற்றையில் கிடைத்த எண்ணை அப்படியே சுவருக்குப் பயன்படுத்தக் கூடாது. அகன்ற சுவரில் ஒரு புறம் சிதறிய கதிர் இன்னொரு புறமாகச் சுற்றி வந்து சேரும். அதற்கான பெருக்கக் காரணியைச் சேர்த்தே தடிமன் முடிவாகிறது.

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனைகள்: வெப்பம், ஈரம், அதிர்வு, தீ, ஆண்டுக்கணக்கான கதிர்வீச்சு. டெல்லூரைட்டு, பிஸ்மத்துக் கண்ணாடிகளைப் பற்றி ஆய்விதழ்களில் கட்டுரைகள் குவிகின்றன. பலவற்றில் கணினித் தரவுத்தளத்திலிருந்து எடுத்த தடுப்பு எண் மட்டுமே இருக்கிறது. கலவையின் வேதி வாய்பாடும் அடர்த்தியும் தெரிந்தால் அந்த எண் நொடியில் கிடைத்துவிடும். அந்தக் கண்ணாடியைப் பெரிய பாளமாக வார்க்க முடியுமா, விரிசல் விடுமா, விலை என்ன என்பவை அங்கே பேசப்படுவதில்லை. நானோ துகள்களைப் பற்றிய பெரிய அறிவிப்புகளுக்கும் இதே எச்சரிக்கை தேவை. துகள் சிறிதாவதால் கலவை சீராகும்; குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிருக்குச் சிறிது பயன் தெரியும். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாவுக்கோ வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதுதான் கணக்கு. அவை எவ்வளவு நுண்ணிய துகளில் இருக்கின்றன என்பதல்ல.

கடைசியாக, கவசமே சிதைவதையும் கதிரியக்கம் பெறுவதையும் வடிவமைப்பாளர் முன்கூட்டி நினைக்க வேண்டியிருக்கிறது. போரான்-10 ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் ஹீலியம் வாயு பிறக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல போரான் கார்பைடு வில்லைகள் வீங்கி வெடிப்பு விடும். கான்கிரீட்டில் குவார்ட்ஸ் ஜல்லி இருந்தால் நியூட்ரான் மிகுதியில் அது பருத்துச் சுற்றியுள்ள பசையை உடைக்கும். எஃகில் தூசளவே உள்ள கோபால்ட், கோபால்ட்-60 ஆகிறது. பாறை ஜல்லியில் லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லாத யூரோப்பியம், 13.5 ஆண்டு அரை ஆயுள் கொண்ட யூரோப்பியம்-152 ஆகி, உலை மூடிய பின்னும் சுவரைக் கதிரியக்கக் கழிவாக வைத்திருக்கும். அதனால் புதிய உலைகளுக்குக் கோபால்ட் குறைந்த எஃகையும், யூரோப்பியம் குறைந்த சுண்ணாம்புக்கல் ஜல்லியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; உட்புற விளிம்பில் போரான் கலந்த கான்கிரீட்டைப் பூசி, பின்னால் உள்ள பெருஞ்சுவரை நியூட்ரான் எட்டாமல் காக்கிறார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து அந்தச் சுவரை இடிக்கப்போகும் தொழிலாளி பெறப்போகும் கதிரளவும் இப்படி இன்றைய ஜல்லித் தேர்விலேயே ஓரளவு முடிவாகிவிடுகிறது.